‘சார், நானும் தம் அடிக்கக் கத்துக்கட்டுமா?’ – தம் பிரேக் அனுபவங்கள்

கந்தன்சாவடி, முன்னாள் டீம் லீட்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பி.பி.ஓ.வில் ஆறு வருடம் டீம் லீடாக இருந்தேன். இங்கிலாந்துக்காரர்களின் போன் பில் புகார்களைக் கேட்டுக்கொள்ளும் வேலை. மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை ஷிப்ட். டீமில் 22 பேர், அதில் தம் அடிப்பவர்கள் ஏழு பேர். நான் சிகரெட்டைத் தொட்டதில்லை. அதனாலேயே இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணி நேர ஷிப்டில் ஒரு மணி நேரம் இடைவேளை. கால் மணி, அரை மணி, கால் மணி என்று மூன்றாகப் பிரித்து, யார் எப்போது போக வேண்டும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். இது போக பாத்ரூமுக்கு ‘பயோ பிரேக்’. தம் பார்ட்டிகள் கீழே போனதெல்லாம் இந்தப் பயோ கணக்கில்தான். எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். பயோ பிரேக்கை எண்ணினால் மனிதாபிமானம் இல்லாதவன் என்று பெயர் வரும், அதனால் கண்டுகொள்ள மாட்டேன்.

டீமில் ஒரு பெண். பையன் இரண்டாம் வகுப்பு. மாமியார் பார்த்துக்கொள்கிறார். ஏழு மணிக்கு அம்மாவிடம் போனில் பேசிவிட்டுத்தான் பையன் சாப்பிட உட்காருவானாம். எங்கள் ஃப்ளோருக்குள் செல்போன் கொண்டுவர முடியாது, வெளியே லாக்கரில்தான் இருக்கும். “சார், ஏழு மணிக்கு அஞ்சு நிமிஷம் விட்டா போதும்” என்றார். அவருடைய பிரேக் எட்டே காலுக்கு. “எட்டே காலுக்குப் பேசிக்கோங்களேன்மா” என்று சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து, ஏழு மணிக்கு மூன்று பையன்கள் எழுந்தார்கள். நானும் டீக்குக் கூடவே போனேன். திரும்பி வந்து லிஃப்டை விட்டு வெளியே வந்தால் அவர் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? நானும் தம் அடிக்கக் கத்துக்கட்டுமா? அப்ப ஏழு மணிக்கு விடுவீங்கல்ல?”

சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். மறுநாள் அட்மினில் இருந்த நண்பரிடம் கேட்டு ஆறாவது மாடிக் கதவின் ஸ்வைப் கணக்கை இரண்டு வாரத்துக்கு வாங்கினேன். யார் எத்தனை முறை வெளியே போனார்கள், எத்தனை நிமிடம். தம் பார்ட்டி ஏழு பேரையும் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எக்செல்லைத் திறந்தேன்.

முதல் இடத்தில் இருந்தவன் சிகரெட்டே பிடிக்காதவன். பேன்ட்ரியில் கேரம் போர்டு ஒன்று உண்டு, அவன் குடியிருப்பு அங்கேதான். தம் அடிப்பவர்களில் மூன்று பேர் மேலே இருந்தார்கள், சரி. இரண்டு பேர் டீமின் சராசரிக்கும் கீழே. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் கேட்ட பெண் கடைசியிலிருந்து இரண்டாவது. மேலிருந்து மூன்றாவது இடத்தில் நான்.

நான் டீக்குத்தான் போனேன். ஆனால் தம் பார்ட்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் போயிருக்கிறேன்.

நேரத்தையும் ஒருநாள் அளந்து பார்த்தேன். லாக்கரில் பர்ஸ் எடுப்பது, லிஃப்டுக்கு நிற்பது, கேட்டில் செக்யூரிட்டி, சர்வீஸ் ரோட்டைத் தாண்டிப் பெட்டிக்கடை. சிகரெட் எரிவது ஐந்தாறு நிமிடம்தான். போக வர ஒன்பது நிமிடம். ஆக ஒரு தம்முக்குக் கால் மணி நேரம் போகிறது, அதில் பாதிக்கு மேல் லிஃப்டும் படிக்கட்டும். இதற்குச் சிகரெட்டைத் திட்டி என்ன செய்ய?

அதற்குப் பிறகு செய்தது இதுதான். கேரம் போர்டிலிருந்து இரண்டு கறுப்புக் காய்களை எடுத்து என் மேசையில் வைத்தேன். (ஃப்ளோரில் பேப்பர், பேனா எதுவும் கூடாது, அதனால் கையெழுத்து நோட்டு வைக்க முடியாது.) பிரேக் நேரம் தவிர வெளியே போகிறவர்கள் ஒரு காயை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்து வைக்க வேண்டும். காய் இல்லையென்றால் இரண்டு பேர் வெளியே இருக்கிறார்கள் என்று அர்த்தம். பாத்ரூமுக்குக் காய் வேண்டாம். எதற்காகப் போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன். தம், டீ, போன், சும்மா மொட்டை மாடிக் காற்று, எதுவானாலும் காய் ஒன்றுதான்.

முதல் வாரம் ஒரே சண்டை. ஒருவன் காயைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் காணாமல் போனான். “காய் வந்தாச்சா, காய் வந்தாச்சா” என்று ஃப்ளோர் முழுக்கக் கேட்டார்கள். என்னிடம் கேட்க வேண்டியது போய் அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டதுதான் பெரிய லாபம். வந்து வைக்கும்போது காயை முகர்ந்து பார்த்து, “இது தம் காய், இது போன் காய்” என்று ஒருத்தி கிண்டலடிப்பாள். அப்புறம் பணி அட்டவணை போடும் டீமோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, பதினைந்து–முப்பது–பதினைந்து என்பதைப் பத்து–பத்து–முப்பது–பத்து என்று மாற்றினோம். மொத்தம் அதே ஒரு மணி நேரம்தான். நாலு முறை எழுந்திரிக்கலாம் என்றானதும் தம் அடிப்பவர்களின் பயோ கணக்கு தானாகக் குறைந்தது. ஏழு மணி பத்து நிமிடம் அந்தப் பெண்ணுக்கு.

நேரப் பிரச்சினை தீர்ந்தது. தீராத ஒன்று இருந்தது, அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அதை மற்றவர்கள் எழுதியபின் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸில், பட்டறையில், கடையில் எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட், ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர்

உங்களுக்கு ஸ்வைப், எங்களுக்குச் சங்கு. பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. கேனில் டீ வரும், பன் வரும், பத்து நிமிடம். சாப்பாட்டுக்கு அரை மணி. 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று இருந்தது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் எவனும் கை வைப்பதில்லை. தம்முக்கு என்று சட்டத்தில் எதுவும் கிடையாது.

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஒருவன் “இதோ வந்துர்றேன்” என்று போனால் பக்கத்து மெஷின்காரன்தான் இரண்டையும் பார்க்க வேண்டும். ஆபீஸில் ஒரு போன் கால் காத்திருக்கும், அவ்வளவுதான். பிரஸ்ஸில் டை என்கிற அச்சு நடுவில் கை இருக்கும். இந்த ‘இதோ’வை நான் அனுமதிப்பதே இல்லை. மாற்று ஆள் வந்து மெஷினில் நின்ற பிறகு போ.

அப்புறம் ஒரு விஷயம். கேட்டைப் பூட்டி வைத்திருந்த காலத்தில் ஆட்கள் தம் அடிக்காமல் இருந்தார்களா என்றால், இல்லை. பெயின்ட் ஷாப்புக்குப் பின்னால் தின்னர் டிரம் அடுக்கியிருக்கும் சந்தில் ஒருநாள் போனேன். சுவரோரம் காட்டன் வேஸ்ட் மூட்டை. அதற்கு ஒரு சாண் தள்ளி பீடித் துண்டு, இன்னும் புகைந்துகொண்டிருந்தது. செருப்புக் காலால் மிதித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். கை நடுங்கியது.

முதலாளியிடம் சொன்னதும், “நாளையிலிருந்து தம் அடிக்கிறவனுக்கு வேலை இல்லை” என்று குதித்தார். சங்கத்துக்காரர்தான் நிதானமாகச் சொன்னார்: “டீ நேரத்துல கேட்டைத் திறந்து விடுங்க. எதிர்ல பொட்டிக்கடை இருக்கு. அங்க போய் ஊதிட்டு வரட்டும். பூட்டினா உள்ளதான் ஊதுவான்.” திறந்துவிட்டோம். சங்கு ஊதியதும் பத்து நிமிடம் கேட் திறப்பு. அதற்கப்புறம் அந்தச் சந்தில் துண்டு பார்த்ததில்லை. வாரம் ஒரு முறை இன்னமும் போய்ப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பெர்மனன்ட் ஆள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் “டீ குடிக்கப் போயிருக்கார்”. கான்ட்ராக்ட் பையன் வந்தால் “எங்கடா ஊர் சுத்திட்டு வர்ற?” இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே பீடியைத்தான் பற்றவைத்தார்கள்.

தி.நகர், ஜவுளிக்கடை விற்பனைப் பிரிவு

எங்களிடம் தம் பிரேக் பற்றிக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்களுக்கு உட்காருவதே ஒரு பிரேக்.

காலை ஒன்பதரைக்கு நின்றால் மதியச் சாப்பாடு வரை நிற்போம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அதுவும் தள்ளிப்போகும். எங்கள் செக்‌ஷன் அண்ணன்கள் நாலு பேர். கூட்டம் குறைந்ததும் பின்பக்க மாடிப்படியில் இறங்கிச் சந்துக்குப் போய் வருவார்கள். ஃப்ளோர் மேனேஜரும் சில நேரம் கூடப் போவார். நாங்கள் சுவரில் சாய்ந்தால் “என்னம்மா, உடம்பு முடியலையா?” என்று கேட்பார். கேட்கிற தொனியிலேயே நிமிர்ந்துவிடுவோம்.

2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்களே, அதற்குப் பிறகு எங்கள் ஃப்ளோரிலும் ஸ்டூல் வந்தது. பன்னிரண்டு பேருக்கு மூன்று ஸ்டூல். முதல் மாதம் அதன்மேல் பட்டுப்புடவை அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கஸ்டமர் அம்மா, வயசானவர், “இதை எடும்மா, நான் உக்காரணும்” என்று பெட்டியை இறக்கச் சொன்னார். அவர் போன பிறகு பெட்டியைத் திரும்ப வைக்காமல் விட்டேன். அன்றிலிருந்து அது ஸ்டூல்.

தம் அடிக்கும் அண்ணன்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. “கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரேன்” என்று யாரிடமும் கேட்காமல் கிளம்புகிறார்களே, அதைப் பார்த்துத்தான் எரிச்சல். பெண்பிள்ளை அப்படிக் கிளம்பினால் எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்வி. பாத்ரூம் ஐந்தாவது மாடியில். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும்.

சிறுசேரி, டெவலப்பர் (ஆமாம், நான் தம் பார்ட்டி)

நானும் எழுதுகிறேன், அடிக்காதீர்கள்.

பதினோரு வருடமாகப் பிடிக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஜாலியாகத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. இழுத்த பத்து இருபது நொடியில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாக இறங்கிவிடும். இறங்க இறங்க என் கை மேசையில் தாளம் போடும். ஒரே வரியை நாலு முறை படிப்பேன். அந்த நிலையில் என்னை உட்கார வைத்து வேலை வாங்கினால் கம்பெனிக்கும் லாபம் கிடையாது. இது பெருமை இல்லை, கேவலம்தான். ஆனால் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய மேனேஜர் ஒருவர், வருடக் கடைசி மதிப்பீட்டில் என் முகத்துக்கு நேராக, “உன் தம் டைமைக் கூட்டினா வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் லீவு வருது” என்றார். கணக்கு சரியாகவே இருக்கலாம். அதே வரிசையில் மேசையை விட்டு நகராமல் ரீல்ஸ் பார்க்கும் ஆட்களுக்கு அவர் கணக்குப் போடவில்லை. எழுந்து போகிறவன்தான் கண்ணில் படுகிறான். சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு ராத்திரி இரண்டு மணி வரை இருந்தவன் நான், அதற்கும் கணக்கு இல்லை. வேலை முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் வேலையைப் பற்றிக் கேளுங்கள். என் நுரையீரலைப் பற்றிக் கேட்க என் அம்மா இருக்கிறார்.

எங்கள் டீமில் ஒருவன் கீழே போகும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாத்ரூமில் வேப் இழுத்தான். மாம்பழ வாசனை. எல்லோரும் ரூம் ஃப்ரெஷ்னர் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தோம். 2019-லேயே இ-சிகரெட்டை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. ஹெச்.ஆர். கூப்பிட்டுச் சொன்ன பிறகு பழையபடி எங்களோடு பெட்டிக்கடைக்கு வந்துவிட்டான்.

விட முயற்சி செய்தீர்களா என்று கேட்பீர்கள். மூன்று முறை. மூன்றாவது முறை 1800-11-2356-க்குக் கூப்பிட்டேன், அரசின் இலவச எண், தமிழிலும் பேசுகிறார்கள். திட்டவில்லை. எப்போதெல்லாம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று புரிந்தது: பாதி தம் நிகோடினுக்காக இல்லை, சீட்டை விட்டு எழுந்திரிக்க ஒரு சாக்கு. நாற்பது நாள் தாக்குப்பிடித்தேன். அந்த நாற்பது நாளில் ஒரு நாள்கூட நான் பிரேக் எடுக்கவில்லை தெரியுமா? சிகரெட் இல்லாமல் எதைச் சொல்லி எழுந்திரிப்பது என்று தெரியவில்லை.

கிண்டி, ஹெச்.ஆர்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதம் ஒருவராவது என்னிடம் வந்து “ஆபீஸ்லயே ஒரு ஸ்மோக்கிங் ரூம் வெச்சா இந்தப் பிரச்சினையே இல்லையே” என்கிறார்கள். வைக்க முடியாது. 2003-ல் வந்த புகையிலைச் சட்டத்தின்கீழ், 2008 அக்டோபர் 2-லிருந்து அமலில் உள்ள விதிகளில், பணியிடமும் பொது இடம்தான். தனி இடம் ஒதுக்கலாம் என்று விலக்கு இருப்பது 30 அறையாவது உள்ள ஓட்டல், 30 பேராவது உட்காரும் உணவகம், விமான நிலையம், அவ்வளவுதான். மீறினால் புகை பிடித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் பொறுப்பாளர் தலையிலும் விழும்.

அந்தப் பொறுப்பாளர் நான்தான். வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் 60-க்கு 30 சென்டிமீட்டரில் ‘இங்கு புகை பிடிப்பது குற்றம்’ என்று போர்டு வைக்க வேண்டும், யாரிடம் புகார் சொல்வது என்று பெயரும் போட வேண்டும். ஏழு மாடியிலும் என் பெயர். நல்ல காரியத்துக்கு எங்கும் பெயர் எழுதியதில்லை. படிக்கட்டில் பல்பு எரியவில்லை என்றாலும், லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெயர் அங்கேதானே இருக்கிறது.

இடைவேளை என்று பார்த்தால் 1947-ன் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு மணி நேர ஓய்வு வேண்டும். அந்த ஒரு மணியை எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு மேல் போகும் நிமிடங்களில்தான் எல்லாச் சண்டையும்.

நாங்கள் ஒரு கோமாளித்தனமும் செய்து பார்த்தோம். 2017-ல் டோக்கியோவில் பியாலா என்ற கம்பெனி, புகைக்காத ஊழியர்களுக்கு வருடம் ஆறு நாள் கூடுதல் விடுப்பு கொடுத்தது செய்தியாக வந்ததல்லவா? அவர்கள் ஆபீஸ் 29-ஆவது மாடியில். புகைக்க அடித்தளத்துக்கு இறங்க வேண்டும், ஒருமுறை போய்வர கால் மணி நேரம். அதைப் படித்துவிட்டு எங்கள் டைரக்டர் “நாமளும் மூணு நாள் குடுப்போம்” என்றார். அறிவிப்பு போட்ட ஒரே வாரத்தில் எங்கள் ஆபீஸில் புகைப்பவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். அத்தனை பேரும் படிவத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, லிஃப்டில் ஹால்ஸ் வாசனையோடு ஏறினார்கள். யாரை முகர்ந்து பார்ப்பது? மூன்றாவது வாரம் அறிவிப்பை எடுத்தோம். கொஞ்ச காலத்துக்கு எல்லோரும் என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரம்பூர்

எங்கள் ஆபீஸில் தம் அடிப்பவர் ஒருவர்தான். முட்டை பப்ஸ் சாப்பிடப் போகிறவர்கள் பதினான்கு பேர், நாலு மணிக்கு மொத்த செக்‌ஷனும் காலி. ஆனால் மெமோ வந்தது அந்த ஒருவருக்கு.

வேளச்சேரி, கணக்குப் பிரிவு

என்னுடையது நேரக் கணக்கு இல்லை. ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பக்கத்து சீட் அண்ணா தம் முடித்து வந்து உட்காருவார். சட்டையிலிருந்து வரும் வாடைக்கே எனக்குக் குமட்டும். சொல்லக் கூச்சம். வாந்தி எடுத்து எடுத்து ஒருநாள் சொல்லிவிட்டேன். மனுஷர் அவ்வளவு பதறிப்போனார். மறுநாள் வேறு வரிசைக்குத் தானே கேட்டு மாறிக்கொண்டார். வளைகாப்புக்கு வந்து வளையல் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதம் அவர் மீது வெறுப்பாக இருந்தேன், ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

கந்தன்சாவடி, முன்னாள் டீம் லீட்

எல்லாவற்றையும் படித்தேன். சிறுசேரி நண்பரே, எழுந்திரிக்கச் சாக்கு என்று எழுதினீர்களே, என் காய் வேலை செய்ததற்குக் காரணமே அதுதான் போலிருக்கிறது. கையில் ஒரு கறுப்புக் காய் இருந்தால் சாக்கு சொல்ல வேண்டியதில்லை.

தி.நகர் சகோதரி எழுதியதில் மேனேஜரும் கூடப் போவார் என்று ஒரு வரி வருகிறது. நான் அப்புறம் எழுதுகிறேன் என்று சொன்னது அங்கேதான் இருக்கிறது.

காய்த் திட்டம் வந்து மூன்று மாதம் இருக்கும். குவாலிட்டி பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று எங்கள் மேனேஜர் என்னிடம் சொன்னார். போன் எடுக்க வேண்டாம், மற்றவர்கள் பேசியதைக் கேட்டு மதிப்பெண் போடும் வேலை. ஷிப்டும் பகல் ஷிப்ட். எல்லோருக்கும் அறிவிப்பு மெயில் வெள்ளிக்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான் பெட்டிக்கடையில் நிற்கிறேன். கடையில் முன்பெல்லாம் பற்றவைக்கக் கயிறு தொங்கும், நுனி கனன்றுகொண்டே இருக்கும். அப்போது அதை எடுத்துவிட்டு நூலில் ஒரு லைட்டரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நூல் குட்டை. அதனால் பற்றவைக்கிறவன் குனிய வேண்டும். என் டீம் பையன் ஒருவன் குனிந்து பற்றவைத்து நிமிர்ந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். “டேய், குவாலிட்டில ஓப்பனிங் வருது, ரெடியா இரு” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. கையில் டீ, எதிரில் அவன், வாயில் வந்தது. வெள்ளிக்கிழமை மெயில் வந்தபோது அவன் மூன்று நாள் தயாராகி, குவாலிட்டி ஆட்களிடம் மாதிரிப் படிவம் எல்லாம் வாங்கி வைத்திருந்தான். திங்கட்கிழமை இன்டர்வியூ.

அந்தப் பெண்ணும் விண்ணப்பித்திருந்தார். என் டீமில் அவர் பேசிய போன் கால்களுக்குத்தான் மதிப்பெண் அதிகம். பகல் ஷிப்ட் கிடைத்தால் ஏழு மணிக்கு வீட்டிலேயே இருக்கலாம்.

அதற்குப் பிறகு கடையில் ஆபீஸ் பேச்சு பேசுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நாலு நாள் தாங்கியது. பேசாமல் நின்றால் பையன்கள் “சார் மூட் அவுட்டா?” என்கிறார்கள். கடைசியில் பேசுவதை நிறுத்த முடியவில்லை, பேசியதைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். கீழே என்ன சொன்னேனோ அதை மேலே வந்ததும் டீம் முழுக்கக் கேட்க ஒரு தடவை சொல்வது. ரோஸ்டர் மாற்றம், லீவு, காலியிடம், வதந்தி உட்பட. சில நாள் அசட்டுத்தனமாக இருக்கும். “கீழ பேசினோம், அடுத்த மாசம் கேப் ரூட் மாறலாமாம்” என்று ஃப்ளோர் நடுவில் நின்று அறிவிப்பேன். ஒரு பையன் “செய்திகள் வாசிப்பது” என்று ஆரம்பிப்பான்.

தி.நகர், ஜவுளிக்கடை விற்பனைப் பிரிவு

சார், அந்த அக்காவுக்கு அந்த வேலை கிடைத்ததா?

கந்தன்சாவடி, முன்னாள் டீம் லீட்

இல்லைம்மா. பையனுக்குத்தான் கிடைத்தது. அவர் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். ஏழு மணிக்கு எழுந்து போவார், ஏழு பத்துக்குச் சரியாக சீட்டில் இருப்பார். வேலையை விடும்போது நிரப்பும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘சம்பளம்’ என்று எழுதியிருந்தார். எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது நான்தான். நான் எதுவும் கேட்கவில்லை.